கையில் ஒன்றும் இல்லாத ஆள்

சில மாதங்களாக ஓர் ஆளின் கைகள் எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருக்கின்றன. முகம் வருவதில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்த இரண்டு கைகள் மட்டும். பர்மாவின் கியாக்தானில் யேலே பகோடாவுக்குப் படகு ஏறும் துறைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. ஓடைக்கு நடுவில், தண்ணீர்மேல் வைத்துவிட்டுப் போனதுபோல் நிற்கிற கோயில் அது. அதன் படிகளை ஒட்டி ஆளின் கை நீளத்துக்குக் கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு புரளும். மீனுக்குப் போடும் பொரி விற்கிற பெண்களின் கூச்சல், படகு மோட்டாரின் புகை, சேற்று வாடை, கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேயிலையின் மணம், எல்லாம் அந்தக் கடைக்குள் ஒன்றாக வந்து சேரும். அங்கே மூலை முக்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். சுருட்டு பிடிக்கமாட்டார். வெற்றிலை போடமாட்டார். பேப்பர் படிப்பதில்லை. அந்த ஊரில் எல்லா ஆண்களும் பேசுகிறபோது கைலி முடிச்சை அவிழ்த்து உதறி மறுபடி கட்டுவார்கள், அதைக்கூட அவர் செய்து நான் பார்த்ததில்லை. எங்களைவிட மூத்த பையன்கள், ஜெய்சங்கர் நடித்த ‘சி.ஐ.டி. சங்கர்’ பற்றி யாரிடமிருந்தோ கேட்டவர்கள், அவருக்கு ‘சி.ஐ.டி.’ என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பெரியப்பா மட்டும் என் தோளை அழுத்தி, “சும்மா இருடா தம்பி, நெசமாவே எம்.ஐ. ஆளா இருந்தா?” என்றார். எம்.ஐ. என்றால் ராணுவ உளவுப் பிரிவு. அந்த இரண்டு எழுத்துகளைத் தமிழிலோ பர்மியிலோ யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

பர்மாத் தேநீர்க் கடையில் உட்காராதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே ‘ஒரு டீ’ என்று கேட்டால் பையன் போகமாட்டான், நின்றுகொண்டே இருப்பான். டிக்காஷன் எவ்வளவு, கட்டிப்பால் எவ்வளவு, ஆடை வேண்டுமா, இனிப்பு தூக்கலா என்று தேநீருக்கு ஏழெட்டுப் பெயர்கள் உண்டு. இனிப்பும் பாலும் கனத்தது சோ-செய்ன். எல்லாம் நடுவாந்திரமாக இருப்பது போன்-ம்மான். ஒருவன் ஒரு கடைக்குப் பத்து நாள் தொடர்ந்து போனால் அவனுடைய தேநீர் அவனுக்குப் பட்டமாகிவிடும். பையன் வாசலிலேயே ஆளைப் பார்த்து உள்ளே குரல் கொடுப்பான். எங்கள் பெரியப்பா சோ-செய்ன் ஆள். குவளை வந்ததும் பாதியைத் தட்டில் ஊற்றி ஆற்றி உறிஞ்சுவார், மீதியை ஆறவிட்டு மறந்துவிடுவார். விரல்களுக்கு நடுவில் தனத் இலையில் சுற்றிய பச்சைச் சுருட்டு ஒன்று அணைந்தும் அணையாமலும் இருக்கும். நுனியில் சோளத் தோகையைச் சுருட்டி அடைத்த வகை. பொறி விழும் என்பதால் வீட்டில் பாட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையை அடியில் பிடித்துக்கொண்டு புகைப்பாள். பெரியப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை, கைலியெல்லாம் ஓட்டை. ஊரில் எந்த வரப்பில் அணைந்த சுருட்டுத் துண்டு கிடந்தாலும், கடித்த விதத்தைப் பார்த்தே இன்னார் இந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மூலையில் இருந்தவர் மட்டும் ஒருநாள் சோ-செய்ன் கேட்பார், மறுநாள் வெறும் டிக்காஷன் கேட்பார், இன்னொரு நாள் எதுவும் கேட்காமல் மேசைமேல் பிளாஸ்க்கில் இருக்கிற வெளிறிய பச்சைத் தேயிலைத் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போவார். பையனால் அவருக்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் கிளறிவிட்டது ஒரு சினிமா. தூக்கம் வராத ஒரு ராத்திரி, மின்சாரமும் இல்லை, போனில் மிச்சமிருந்த சார்ஜில் மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2017இல் வந்த படம். விஷால் தொப்பியும் கழுத்துத் துணியுமாக வருகிறார். மற்றவர்களுக்குப் பொருட்டில்லாத ஒரு வழக்கை, செத்துப்போன நாய்க்குட்டிக்காக ஒரு சிறுவன் கொண்டுவரும் வழக்கை, கையில் எடுக்கிறார். முதல் தடவை பார்த்தபோது கதையைப் பார்த்தேன். இந்தத் தடவை ஏனோ தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை வெயிலுக்கு அந்த உடுப்பு ஒத்துவராது என்பது யாருக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். இருந்தும் அது இல்லாமல் அந்த ஆளை நம்மால் நம்ப முடியாது என்று தோன்றியது. பாத்திரத்தின் பெயர் கணியன் பூங்குன்றன். எல்லா ஊரையும் தன்னூராகச் சொன்ன புலவரின் பெயர். அந்தப் புலவர் பிறந்ததாகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டி, பர்மாவுக்கு லேவாதேவிக் கடை போட வந்த செட்டியார்களின் சீமைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1964இல் கடைகள் அரசுடைமையானபோது இங்கிருந்து கப்பலேறியவர்கள் அந்தப் புலவரை என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு கணம் எண்ணம் போனது. திரும்பி வந்தேன். கணியன் என்றால் கணிக்கிறவன். ஆக, பெயரே ஓர் உடுப்பு. தொப்பி, துணி, பெயர் என்று இத்தனையையும் மாட்டிக்கொண்டு ஒருவன் எதற்காகத் துப்பறிய வேண்டும்? துப்பறிகிறவனுக்கு வசதி, யார் கண்ணிலும் படாமல் இருப்பதல்லவா?

ஷெர்லாக் ஹோம்ஸின் கதையில் இந்தக் கேள்வி இன்னும் வேடிக்கையாகிறது. காதுமடல் மூடிய அந்த வேட்டைத் தொப்பியை அதன் பெயர் சொல்லி கானன் டாயில் எழுதவில்லை. 1891இல் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகைக்குப் படம் போட்ட சிட்னி பாஜெட் வரைந்து வைத்தார். வளைந்த பைப்பை அவர் வாயில் ஊன்றியது மேடை. 1899இல் ஹோம்ஸாக நடித்த வில்லியம் கில்லெட் அப்படிப்பட்ட பைப்பைப் பிடித்தார், 1916இல் மௌனப் படத்திலும் அவரே நடித்தார். தொலைந்துபோனதாக நினைத்த அந்தப் படச்சுருள் 2014இல் பாரிஸில் கிடைத்தது. எழுதியவர் கொடுத்தவை வேறு: பாரசீகச் செருப்பின் மூக்கில் திணித்த புகையிலை, பதில் போடாத கடிதங்களைக் கணப்புக்கு மேலே மரத்தில் குத்தி நிறுத்திய பேனாக்கத்தி, நேரங்கெட்ட நேரத்தில் வயலின். வாசிக்கிறவன் இந்தச் செருப்பையும் கத்தியையும் கொஞ்சகாலம் நினைவில் வைத்திருந்தான். பார்க்கிறவன் தொப்பியையும் பைப்பையும் எடுத்துக்கொண்டான், பிறகு விடவே இல்லை. அடுத்தவர் சட்டைக் கையிலிருந்தும் செருப்புச் சேற்றிலிருந்தும் அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று படித்துச் சொல்கிற மனிதர் இவர். இவர் தலையில் இருந்ததோ வேறொருவர் வைத்த தொப்பி. ஹோம்ஸின் முறையிலேயே ஹோம்ஸைப் படித்தால் தப்பான விடை வரும்: கிராமத்து வேட்டைக்காரர், நகரத்துக்குப் புதியவர் என்றுதான் வரும். தடயம் பொய் சொல்லாது என்பது அந்தக் கதைகளின் ஆதாரமான நம்பிக்கை. உலகம் முழுவதும் அவரை அடையாளம் காண்பது ஒரு பொய்த் தடயத்தால்.

அந்தக் கதைகளில் எனக்கு வேறொரு சொந்தம் உண்டு. 1887இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையிலிருந்து அவர் கொஞ்சம் சாம்பலை அள்ளுகிறார். கறுப்பாக, செதில் செதிலாக உதிர்கிற சாம்பல். அதைப் பார்த்துக் கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்கிறார். அடுத்த நாவலில், 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தான் எழுதிய சிறுநூலைக் குறிப்பிடும்போதும் திருச்சிச் சுருட்டு வருகிறது. உறையூரில் ஏதோ ஒரு திண்ணையில் ஒரு கை உருட்டிய சுருட்டு, லண்டனில் ஒரு பிணத்தின் பக்கத்தில் சாம்பலாக உதிர்ந்து சாட்சி சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்குகிற சொல்லும் நம் சுருட்டுதான், வெள்ளைக்காரர் வாயில் போய்த் திரும்பியது. பர்மாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் பாட்டி பிடித்ததைக் காட்டி அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்வார்கள். தமிழ்ப் பெயருள்ள பர்மாப் பொருள் அது. ஹோம்ஸும் இங்கே வந்து சேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஷ்வே உ டாங் என்ற எழுத்தாளர் (1889-1973) அந்தக் கதைகளைப் பர்மிய மண்ணுக்குத் தழுவி மாற்றத் தொடங்கினார். ஹோம்ஸ், துப்பறியும் மாங் சான் ஷா ஆனார். லண்டன் மூடுபனி போய் ரங்கூன் மழை வந்தது. எங்கள் பெரியப்பாவுக்குப் பர்மிய எழுத்து சரளம், சான் ஷாவைப் படித்திருக்கிறார். அந்த ஆங்கிலத் தொப்பிக்காரரைப் படத்தில் காட்டியபோது ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவனா? இவன் எப்படி மழைக்காலத்துல தெருவுல எறங்குவான்?” என்று கேட்டார்.

தமிழில் துப்பறிகிறவன் கையில் எதைக் கொடுப்பது என்பதில் நாம் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தடுமாறியிருக்கிறோம், அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடிக்கும். 1894இலேயே பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனை எழுதினார். பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறியும் வேலையை ஒரு சாமியாருக்கே கொடுத்தார். அவருடைய கதையை 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியபோது எம்.என். நம்பியார் பதினொரு வேடங்களில் வந்தார். பின்னாளில் புருவத்தை நெரித்துக் கையைப் பிசைகிற வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார், அங்கே தனக்கென்று ஒன்றும் இல்லாமல் ஆளுக்கு ஆளாக மாறிக்கொண்டிருப்பார். தேவன் படைத்த துப்பறியும் சாம்புவோ நேரெதிர். அவனுக்கு வேடமே தேவையில்லை. அசட்டு முகமும் நீண்ட மூக்கும் போதும், கோபுலுவின் கோடுகளில் அந்த மூக்கு வழக்குக்கு முன்னால் போய் நிற்கும். துப்பறியும் சங்கர்லாலை எழுதிய தமிழ்வாணன் விஷயத்தில் இது இன்னும் விசித்திரமாகத் திரும்பியது. சங்கர்லாலுக்குத் தேநீர்ப் பழக்கம் வந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எழுதியவருக்கே போய்விட்டன. பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் வரைந்து அனுப்பிய கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, தபால்காரரும் துப்பறிந்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ‘துப்பறிவாளன்’ எடுத்த மிஷ்கினைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பது அரிது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாத்திரத்துக்காகச் செய்த பொருள் படைத்தவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏன் அது படைத்தவருக்கும் தேவைப்படுகிறது?

நான் வந்து சேர்ந்த ஒரு விடை, அரைகுறையானது, இது: பார்க்கிறவன் தன்னையும் பார்க்கக் கொடுக்கிறான். அடுத்தவர் வீட்டுக்குள் போய், அலமாரியைத் திறந்து, படுக்கையை முகர்ந்து, விதவையின் முகத்தைக் கூர்ந்து பார்க்கிற உரிமை ஒருவனுக்கு இருக்கிறதென்றால், அதற்கு அவன் ஏதாவது விலை கொடுத்தாக வேண்டும். தொப்பியும் பைப்பும் மூக்கும் அந்த விலை. ‘நான் உன்னைப் பார்க்கிறேன், நீயும் என்னைப் பார், சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்’ என்கிறான். பீட்டர் ஃபால்க் நடித்த கொலம்போ இதை முழுசாகச் செய்தவர். கசங்கிய மழைக்கோட்டு, அது ஃபால்க்கின் சொந்தக் கோட்டு, அணைந்த சுருட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு கேள்வி. பணக்காரக் கொலைகாரர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து ஏளனமாக ஒரு முடிவுக்கு வருவார்கள். அவர்கள் அவரைப் படிக்க நேரம் கொடுத்துவிட்டு அவர் அவர்களைப் படிப்பார். இது எங்கள் ஊருக்குப் புதிய விஷயமும் இல்லை. பக்கத்து ஊரான தன்லியினுக்குப் போகிற பாதையில் பீலிக்கானில் அங்காள ஈஸ்வரி முனீஸ்வரர் கோயில் இருக்கிறது, பர்மாத் தமிழர்கள் எங்கெங்கிருந்தோ வண்டி கட்டி வருகிற இடம். முனீஸ்வரனுக்கு மீசை உண்டு, அரிவாள் உண்டு, படையலில் சுருட்டு உண்டு. ராத்திரி ஊரைச் சுற்றிவருகிற காவல்காரனின் கண்கள் அவ்வளவு பெரிதாகப் பிதுங்கி இருப்பது அவனுக்குப் பார்வை மங்கல் என்பதாலா? திருடனுக்குத் தான் பார்க்கப்படுவது தெரிய வேண்டும் என்பதற்காக. திருட்டுப் போனால் சந்தேகப்பட்டவனை அப்படிப்பட்ட கண்களுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சத்தியம் வாங்குவார்கள். ஒளிந்திருந்து பார்க்கிற காவல் தெய்வம் நம்மிடம் கிடையாது. பர்மியர்களின் நாத் தேவதைகளும் அப்படித்தான், ஒருவர் கையில் சாராயப் புட்டி, ஒருவருக்குச் சேவல் சண்டைப் பிரியம். நம்மைக் கவனிக்கிறவருக்கு ஒரு பலவீனம் இருப்பது நமக்கு ஆறுதல்.

இங்கே கறுப்புக் கண்ணாடி வந்து குறுக்கே நிற்கிறது. அது எந்தப் பக்கம்? கண்ணாடி போட்டவனை நாம் பார்க்கலாம், அவன் எங்கே பார்க்கிறான் என்பதை மட்டும் பார்க்க முடியாது. கொடுப்பதுபோல் கொடுத்து முக்கியமானதை எடுத்து வைத்துக்கொள்கிற பொருள். முனீஸ்வரனின் பிதுங்கிய கண்ணுக்கு அது நேர் எதிரி. எல்லாப் பொருளும் விலை அல்ல, சில பொருள்கள் கள்ள நோட்டு என்று சொல்லிப் பார்க்கிறேன், முழுத் திருப்தி வரவில்லை. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) இன்னொரு விதமாக இடறுகிறது. பாட்டே இல்லாத படம் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் நினைப்பது அதில் துப்பறிகிறவரைப் பற்றி. ஜாவர் சீதாராமன் தானே எழுதித் தானே சிவானந்தமாக நடித்தார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், அவர் உட்கார்ந்து கேட்கிறார். கேட்பதைத் தவிர அவரிடம் பெரிய வித்தை கிடையாது. பொருள் வைத்திருப்பவன் செத்துப்போன ராஜன். வானொலி இன்ஜினியர், ஜப்பானியருக்கு ரகசியம் அனுப்பும் கருவி வைத்திருப்பவன். சென்னையில் குண்டு விழுந்த 1943ஆம் வருஷத்தில் அந்தக் கதை நடக்கிறது. அதற்கு முன்பே, 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் குண்டு விழுந்திருந்தது. லட்சக்கணக்கான பேர் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். எங்கள் தாத்தா நடக்கவில்லை, வயலை விட்டுப் போக மனசில்லாமல் கியாக்தானிலேயே இருந்துவிட்டார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ராஜனைப் போன்றவர்கள் அனுப்பிய செய்திகளின் மறுமுனையில் எங்கள் ஊர் இருந்தது என்ற நினைப்போடு அந்தப் படத்தைப் பார்க்கிறபோது, கையில் கருவி உள்ளவன்மேல்தான் பயம் வருகிறது. அமைதியாகக் கேட்கிறவர்மேல் வருவதில்லை.

பொருள் வைத்திருப்பவனையும் அந்தப் பொருள் வைத்திருக்கிறது என்பதை எங்கள் பக்கத்து ஊரில் வேலை பார்த்த ஒரு போலீஸ்காரர் எழுதியிருக்கிறார். எரிக் பிளேர் என்ற அந்த இளைஞர் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தார், அதில் கொஞ்சகாலம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த சிரியத்தில், அதாவது இன்றைய தன்லியினில். பிறகு ஜார்ஜ் ஆர்வெல் ஆனார். பர்மாவில் இருந்தபோது விரல் முட்டிகளில் நீல வட்டங்களைப் பச்சை குத்திக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு அது அழகில்லை, கிராமத்து ஆட்கள் பாம்புக்கும் குண்டுக்கும் காப்பாகக் குத்திக்கொள்வது. 1936இல் அவர் எழுதிய யானைக் கட்டுரையில், மதம் தெளிந்து சாதுவாகப் புல் தின்றுகொண்டிருக்கும் யானையைச் சுட அவருக்கு விருப்பமில்லை. கையில் துப்பாக்கி இருக்கிறது, பின்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம். துப்பாக்கி எடுத்துவந்தவன் சுடாமல் போனால் சிரிப்பார்கள். சுடுகிறார். காவல்காரனைப் பார்க்கிற கண்கள் அவன் கையிலிருக்கும் பொருளைக் கட்டளையாக மாற்றிவிடுகின்றன. ஹோம்ஸ் நடிகர்கள் பலரும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொப்பிக்குள் தலையைக் கொடுத்தது போலத்தான். அப்படியானால் நான் மேலே சொன்ன விலைக் கணக்கும் சரிதானா என்ற சந்தேகம் வருகிறது. பார்க்கிறவன் தன்னைப் பார்க்கக் கொடுப்பது பெருந்தன்மை என்றேன். கொடுத்த பிறகு, பார்ப்பவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்பது அவன் கையில் இல்லை. கொடுக்காமலே இருந்தாலும் வருவார்கள்.

மூலையில் இருந்தவரிடம் திரும்புகிறேன். அவர் வரத் தொடங்கியது 1987 மழைக்காலம் முடிகிற நேரம். எனக்கு அது நன்றாக நினைவிருக்கக் காரணம் அந்தச் செப்டம்பர். ஐந்தாம் தேதி அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனி செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருந்த நோட்டுகளைப் பெரியம்மா தரையில் பரப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதமே புதிதாக 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண்கள் நே வினுக்கு ராசி என்று ஊரே முணுமுணுத்தது. நாட்டை ஆள்கிறவரின் விசித்திரப் பழக்கம் எங்கள் வீட்டுப் பானைவரை வந்தது. ஹோம்ஸ் பேனாக்கத்தியால் குத்தி வைத்தது அவருக்கு வந்த கடிதங்களை மட்டும். கோபத்தைப் பேசவும் பயம், பேசாமல் இருக்கவும் முடியாது என்ற அந்த நாட்களில் பேச இருந்த ஒரே இடம் தேநீர்க் கடை. அங்கே மூலையில் எதையும் பிடிக்காமல், எதையும் படிக்காமல், கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒருவர். அவர் உள்ளே வந்தால் பேச்சு மீன் விலைக்கு மாறும். பெரியப்பா சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார், பேசாமல் இருக்க அது ஒரு காரணம். நாங்கள் பையன்கள் சினிமாவில் கற்றதை வைத்துக்கொண்டு உறுதியாகச் சொன்னோம்: நல்ல சி.ஐ.டி.க்குத் தொப்பி இருக்கும், கெட்ட சி.ஐ.டி.க்கு ஒன்றும் இருக்காது. இப்போது நான் இவ்வளவு சுற்றிவளைத்து எழுதிய கொள்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் அவர் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த ஆள் குவளையை வைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அவர் இரண்டு மூன்று தடவைதான் வந்திருப்பார்.

அவர் யாரையும் காட்டிக்கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை. எங்கள் கடையிலிருந்து அந்த வருஷம் யாரையும் பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. இது சாட்சியாகாது, தெரியும். இருந்தாலும் போனில் அந்தத் தொப்பியைப் பார்த்த ராத்திரியில், ஹோம்ஸ் மாதிரி இல்லை, ஒரு மளிகைக் கடைக்காரர் மாதிரி, நான் அந்த ஆளின் தேநீர்களை மனசுக்குள் விலைப்படி அடுக்கிப் பார்த்தேன். சோ-செய்ன் விலை கூடுதல், கட்டிப்பால் நிறைய சேரும். வெறும் டிக்காஷன் விலை குறைவு. சுருட்டுக்குக் காசு வேண்டும், வெற்றிலைக்கு வேண்டும், பேப்பருக்கு வேண்டும். ஒருவன் தினமும் ஒரே தேநீரைக் கேட்பதற்கு அவன் பையில் தினமும் ஒரே அளவு காசாவது இருக்க வேண்டும். பாரசீகச் செருப்பில் புகையிலை நிறைத்து வைக்க முதலில் புகையிலை வாங்க வேண்டும். பழக்கம் என்று நாம் ரசிப்பது அனேகமாக நிலையான வருமானத்தின் தடயம். செப்டம்பருக்குப் பிறகு வந்து, கையைக் கவிழ்த்து வைத்து, நாளுக்கொரு தேநீர் கேட்ட மனிதர், அன்றைக்குக் கிடைத்த கூலிக்குத் தக்கதைக் கேட்டிருக்கலாம். செல்லாத நோட்டு அவர் வீட்டுப் பானையிலும் இருந்திருக்கலாம். பக்கத்து மேசைக்காரரிடம் அவர் வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்க வந்திருக்கலாம். இத்தனை ‘கலாம்’களும் என்னுடையவை, அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. கடைசியாக அவர் வந்த அன்று எதையும் கேட்கவில்லை, பிளாஸ்க்கிலிருந்து பச்சைத் தேயிலைத் தண்ணீரை மூன்று குவளை ஊற்றிக் குடித்தார். மூன்று என்பது உறுதி, நாங்கள் எண்ணினோம். பர்மாவில் எந்தத் தேநீர்க் கடையிலும் அந்தத் தண்ணீருக்குக் காசு கிடையாது.